நூக்கோல் கட்டத்தில் பீட்ரூட் குறிப்புகள்

எனக்கு வயது முப்பத்து மூன்று. ஓய்வு பெற்று ஒன்றரை வருடமாகிறது. இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்துச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள், பிறகு வருத்தமாக ஏதாவது சொல்கிறார்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. நான் பார்த்த வேலைக்கு ஓய்வு வயது சீக்கிரம் வந்துவிடும், அவ்வளவுதான்.

போன வாரம் எங்கள் வாரப் பத்திரிகையில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் என் வீட்டைத் தேடி வந்தார்கள். குறுக்கெழுத்துப் புதிரை இனி கைப்பேசியிலும் போடப்போகிறார்களாம். வாசகர் தப்பான எழுத்தைத் தட்டினால் கட்டம் தானாகவே சிவந்துவிடுமாம்.

"அந்தக் காலத்துல நீங்கல்லாம் எப்படிக்கா செக் பண்ணுவீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

அந்தக் காலம் என்று அவள் சொன்னது முந்தின வருடத்தை. எழுதித் தருகிறேன் என்றேன். விட்டுப்போகக் கூடாதவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டேன்: வேலை, அருளானந்தம் சார், என் தவறு, மினி பஸ்.

நான் படித்தது மின்னணுப் பொறியியல். கோயம்புத்தூரில் ஒரு தொழிற்சாலையில் இரண்டு வருடம் சர்க்யூட் போர்டுகளைச் சோதித்தேன். அப்பாவின் முட்டி அறுவை சிகிச்சைக்காக ஊருக்கு வந்தேன். முட்டி சரியானது, நான் திரும்பிப் போகவில்லை. பத்திரிகை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டர் உறை போட்டு மூலையில் இருந்தது. உண்மையில் அவர்களுக்கு வேண்டியிருந்தது புதிரைச் சோதிக்க ஓர் ஆள். அருளானந்தம் சார் வாரம் ஒரு புதிர் அமைப்பார். அச்சுக்குப் போகும் முன், விடை எதுவும் தெரியாத ஒருவர் உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்க்க வேண்டும். எட்டு வருடம் அந்த ஒருவர் நான்.

சாதாரணப் புதிரில் 'யானைக்கு இன்னொரு பெயர் (3)' என்று கேட்பார்கள். களிறா, வேழமா என்று தவிக்க வேண்டியதுதான். அருளானந்தம் சாரின் குறிப்பில் இரண்டு பாதைகள் இருக்கும். ஒன்று பொருள், இன்னொன்று எழுத்து விளையாட்டு. இரண்டும் ஒரே சொல்லில் வந்து முட்டும். 'தாறுமாறாக விதைக, கவிஞர் அறுவடை செய்வார் (3)' என்பது அவருடையது. விதைக என்ற மூன்று எழுத்துகளையும் தாறுமாறாக மாற்றிப் போட்டால் கவிதை. கவிஞர் அறுப்பதும் அதைத்தானே. 'திருப்பிப் படி, கடவுள் திரும்பிப் பார்ப்பார் (2)' என்று ஒன்று. படி என்றால் வாசி. வாசியைத் திருப்பினால் சிவா. 'அணிந்துகொண்டு ரசத்தில் இறங்கும் (3)' என்ற குறிப்புக்கு மட்டும் விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் வரவில்லை. பூண்டு விளைகிற மலை இது.

"ஏமாத்தலாம், பொய் சொல்லக் கூடாது" என்பது அவருடைய ஒரே சட்டம். ஒருமுறை 'நம் ஊர், கொடையைக் கொடுத்துவிட்டால், பொய்த் தண்ணீர் (3)' என்று வைத்தார். கொடைக்கானலில் கொடை போனால் கானல். ஒரு தமிழாசிரியர் மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதினார். கொடை போனது சரி, கானல் மிஞ்சியது சரி, நடுவில் இருந்த 'க்' எங்கே என்று கேட்டிருந்தார். சார் அஞ்சலட்டையில் ஒரே வரி பதில் எழுதினார்: 'கொடையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டோம்.'

சோதனை நடக்கும் அறை அச்சகத்தின் பின்புறம், காலண்டர் கட்டுகளுக்கு நடுவில் இருந்தது. கைப்பேசியை பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிட்டு உள்ளே போக வேண்டும். அகராதி கூடாது. பேனா கூடாது, பென்சில்தான். விடை கிடைத்து, ஏன் அதுதான் விடை என்றும் புரிந்தால் ஒரு சரிக்குறி. விடை கிடைத்து, ஏன் என்று புரியாவிட்டால் கேள்விக்குறி. குறிப்பு அநியாயம் என்று தோன்றினால் பெருக்கல் குறி. எட்டு வருடத்தில் பெருக்கல் குறி நான்கு முறைதான் போட்டிருக்கிறேன். நான்கு முறையும் அவர் குறிப்பைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினார்.

ஆனால் இந்தக் குறிகளையெல்லாம் அவர் இரண்டாம்பட்சமாகத்தான் வைத்திருந்தார். நான் உள்ளே இருக்கும்போது அவர் வெளியே ஸ்டூலில், குரங்குக் குல்லாயும் பழுப்பு ஸ்வெட்டருமாக, மெய்ப்புத் திருத்துகிற மாதிரி உட்கார்ந்திருப்பார். காது மட்டும் உள்ளே இருக்கும். குறிப்பு விடுபடும்போது நான் போடும் சத்தத்தை அவர் கேட்பார். 'ஓ' என்றால் குறிப்பு சப்பை. 'ஆ' என்றால் பரவாயில்லை. 'சே' என்றால்தான் குறிப்பு. கண் முன்னால் கிடந்ததை இத்தனை நேரம் பார்க்காமல் போனோமே என்று தன்மேலேயே எரிச்சல்படும் 'சே'. எனக்கு இது மூன்றாவது மாதத்தில்தான் தெரியவந்தது. தெரிந்த பிறகு சத்தம் போடாமல் இருந்து பார்த்தேன். கதவை லேசாகத் திறந்து, "உடம்பு சரியில்லையாம்மா?" என்றார்.

அவர் அதிகம் பேசமாட்டார். நல்ல செய்தி, கெட்ட செய்தி எதற்கும் "நல்லது" என்பார். மிகக் கெட்ட செய்திக்கு "ம்." வாசகர்கள் போன் செய்து விடை கேட்டால் சொல்லமாட்டார். அந்தக் குறிப்பையே இன்னும் மெதுவாக வாசித்துக் காட்டுவார். அதோடு இன்னொரு வழக்கம். சனிக்கிழமை பத்திரிகை வெளிவரும், விடைகள் வியாழக்கிழமை வரை வரலாம். அந்த ஆறு நாளும் புதிரைப் பற்றி அலுவலகத்தில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பரீட்சை நடக்கும்போது வாத்தியார் பேசுவாரா என்பது அவர் வாதம்.

இப்போது நான் மறைத்துவைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு புதிரையும் எத்தனை நிமிடத்தில் போட்டேன் என்று முதல் நாளிலிருந்தே வரைபடம் வரைந்து வந்தேன். முதல் வருடம் ஒன்றரை மணி நேரம். நாலாவது வருடம் அரை மணி. எட்டாவது வருடம் பதினொரு நிமிடம். நான் புத்திசாலி ஆகிவிட்டேன் என்று அர்த்தமில்லை. சாரின் மூளை எந்தத் தெருவில் திரும்பும் என்பது எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. விடை தெரியாதவள் என்பதுதான் என் தகுதி. அது தேய்ந்துகொண்டே வந்தது. தேய்ந்துபோன மீட்டரை வைத்து மின்னழுத்தம் பார்க்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். வேலை பிடித்திருந்ததால் வரைபடத்தை மேஜையின் அடி டிராயரில் வைத்துக்கொண்டேன்.

பத்திரிகையின் முதலாளி முருகவேல் அண்ணாச்சி. பழனியில் அடிவாரத்துப் பஞ்சாமிர்தக் கடைக் குடும்பம். மலைக்கு வந்து அச்சகம் போட்டவர். எல்லோரோடும் சத்தமாகப் பேசுவார், போனில் இன்னும் சத்தமாக. புதிர்ப் பக்கம் அவருக்கு எப்போதும் உறுத்தல். ஒரு வெள்ளிக்கிழமை பன்னிரண்டு ராசிக்கும் எழுதி வாங்கிய தாள்களைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தார்.

"அருளு, ஒம்ம பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு ஊருக்கே புரியல. தாறுமாறா விதைகன்னு போட்டீரே, பேத்துப்பாறையிலருந்து ஒருத்தர் எனக்குப் போன் போட்டு என்ன வெதைன்னு கேக்காரு. நான் என்ன சொல்ல?"

"நல்லது அண்ணாச்சி."

"நல்லதா? நாளைக்கு வருதில்ல, அந்தப் புதிருக்குப் பத்துப் பேரு முழுசாச் சரியாப் போட்டு அனுப்பட்டும். பக்கம் ஒமக்கு. பத்துக்கு ஒண்ணு கொறஞ்சாலும் அந்த எடம் ராசிபலனுக்கு. என்ன இன்ஜினியரம்மா, சரியா?"

இன்ஜினியரம்மா என்பது நான். வழக்கமாக எட்டிலிருந்து பதின்மூன்று வரை சரியான விடைகள் வரும். அண்ணாச்சி கணக்குத் தெரிந்தேதான் பத்து என்று சொன்னார்.

அருளானந்தம் சாருக்கு வேறு வேலை தெரியாது என்பதில்லை. மெய்ப்புத் திருத்துவார், கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுதுவார். ஆனால் சாப்பிடும்போது அவர் கை சாம்பாரில் எழுத்துகளை இடம் மாற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கம் போனால் அந்தக் கை என்ன செய்யும் என்று எனக்குக் கவலையாக இருந்தது. ஆகவே அன்று மாலை பக்கத்தை மிகக் கவனமாகச் சரிபார்த்தேன். என்னிடம் பத்தொன்பது அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் உண்டு. பத்தொன்பதுக்கும் சரிக்குறி போட்டேன். அங்கேதான் தவறினேன்.

சாரிடம் பன்னிரண்டு கட்டங்கள் இருந்தன. இனிப்புக் கடை அட்டைப் பெட்டிகளில் கறுப்புக் கட்டங்கள் வர வேண்டிய இடங்களை பிளேடால் வெட்டி அச்சு மாதிரி வைத்திருப்பார். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு மலைக் காய்கறிப் பெயர்: கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ், பீட்ரூட், நூக்கோல் என்று. அவற்றை நான் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தேன். அந்த வாரப் புதிர் பீட்ரூட்டில் அமைந்தது. பக்கத்தில் நான் ஏற்றியது நூக்கோல்.

எப்படிக் கண்ணில் படாமல் போனது? பட்டியலில் பதினேழாவது அம்சம், 'அச்சுப் பக்கத்தில் புதிரை முழுதாகப் போட்டுப் பார்'. நான் போட்டுப் பார்த்தேன், மனத்தில். குறிப்பை வாசிப்பேன், விடை தெரியும், எழுத்தை எண்ணுவேன், சரிக்குறி. பென்சிலைக் கட்டத்தில் வைக்கவேயில்லை. விடை தெரிந்தவள் கட்டத்தைப் பார்ப்பதில்லை. குறிப்புகள் எல்லாமே சரி. அவற்றைக் குடிவைக்க வேண்டிய வீடு மட்டும் வேறு.

சனிக்கிழமை காலை நாயுடுபுரம் டீக்கடையில் ஒரு லாட்ஜ் வாட்ச்மேன் எங்கள் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்து விரலால் எண்ணிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, பேப்பரைத் திருப்பிப் புடிச்சிருக்கீங்க?"

"எழுத்து பத்தல தாயி. அஞ்சாம் நம்பரு நாலு எழுத்துங்கான். கட்டம் ஆறு கெடக்கு. மிச்ச ரெண்டு எழுத்தை அடுத்த வாரம் குடுப்பாங்களோ?"

டீயை வைத்துவிட்டு அச்சகத்துக்கு ஓடினேன். ஓடும்போதே எனக்கிருந்த வழிகளைப் பட்டியல் போட்டேன். ஒன்று, அண்ணாச்சியிடம் உடனே ஒப்புக்கொள்வது. இரண்டு, திருத்தம் அச்சடித்துக் கடைகளில் ஒட்டுவது. மூன்று, பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு அப்படியே காணாமல் போவது.

அருளானந்தம் சார் பக்கத்தைப் பார்த்தார். "ம்" என்றார்.

"அண்ணாச்சிகிட்ட நானே சொல்லிடறேன் சார். கடைகள்ல திருத்தமும் ஒட்டிடலாம்."

"சொல்லணும். வியாழக்கிழமை சொல்லுவோம். இப்ப புதிர் வெளிய இருக்கும்மா. நடுவுல பேசக் கூடாது."

"சார், இந்தக் கட்டத்துல இதை யாராலயும் போட முடியாது."

"குறிப்புல ஏதும் பொய் இருக்கா?"

"இல்ல சார்."

"நல்லது" என்று சொல்லிவிட்டு அவர் ஒரு காதுகுத்து அழைப்பிதழைத் திருத்தப் போய்விட்டார்.

வியாழக்கிழமை முப்பத்தொரு கவர்கள் இருந்தன. ஒருவர் ஒரே கட்டத்தில் இரண்டு எழுத்துகளை அடைத்திருந்தார், மினி பஸ்ஸில் ஆள் ஏற்றுவது போல. ஒருவர் இடம் பத்தாமல் கட்டத்தை பால்பாயிண்ட் பேனாவால் நீட்டி, பக்கத்திலிருந்த ஸ்வெட்டர் கடை விளம்பரத்துக்குள் போயிருந்தார். தமிழாசிரியர் இந்த முறை ஐந்து பக்கம் எழுதியிருந்தார். 'இந்த வாரம் சற்றே கடினம், அருமை' என்று மட்டும் எழுதி, கட்டத்தைக் காலியாக அனுப்பியவர் ஒருவர். முழுதும் சரியான விடை ஒன்றே ஒன்று, வில்பட்டியிலிருந்து வந்த பழுப்புக் கவரில். அவர்கள் அச்சிட்ட கட்டத்தைத் தொடவேயில்லை. நோட்டுத் தாளில் புதிதாக ஒரு கட்டம் வரைந்து, அதில் விடைகளைப் பொருத்தியிருந்தார்கள். பீட்ரூட் அட்டையை எடுத்து மேலே வைத்துப் பார்த்தேன். ஒரு கறுப்புக் கட்டம்கூட விலகவில்லை. கீழே பதினொரு பெயர்கள். ஒரு குறிப்பும் இருந்தது: 'கட்டத்தையும் எங்களையே போட வைத்தது நல்ல சோதனை. அடிக்கடி வேண்டாம்.'

அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சி வந்தார். கையில் ராசிபலன் தாள் இல்லை. பத்திரிகை இருந்தது, புதிர்ப் பக்கமாக மடித்து.

"பத்துப் பேரு தேறுனாங்களா? ஒம்போது பேருதான்னா சொல்லும், நானும் ஒருத்தன் இருக்கேன். ஒரு கட்டம் மிச்சம் வைக்கல, பாரும்."

உண்மையாகவே ஒரு கட்டம் மிச்சமில்லை. 'சீசனில் நகரம் கலைந்தால் இப்படித்தான் (4)' என்பதற்கு விடை நரகம். நகரத்தின் நடு எழுத்துகள் இடம் மாறியது. அண்ணாச்சிக்குக் கிடைத்தவை ஆறு கட்டங்கள். 'நரகங்கள்' என்று எழுதி நிரப்பியிருந்தார்.

நான் சாரைப் பார்த்தேன். 'சரிதான் அண்ணாச்சி' என்று இரண்டே சொற்கள் சார் சொன்னால் போதும். அண்ணாச்சி மனம் குளிர்ந்தால் ஒருவேளை பக்கம் தப்பிக்கும். சார் சிவப்புப் பேனாவை எடுத்து, வரிசையாக அடித்துக்கொண்டே போனார். முடிந்ததும், "ஒண்ணு இடமிருந்து வலம் மட்டும் சரி அண்ணாச்சி" என்றார்.

அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "தப்பு என்னுது அண்ணாச்சி. கட்டம் மாறிப்போச்சு. அதுல யாராலயும் சரியாப் போட முடியாது" என்றேன்.

"அப்ப ஆறு நாளா சோத்துத் தட்டுப் பக்கத்துல வச்சு நான் போட்டது?"

"நூக்கோல் அண்ணாச்சி."

அவர் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து ராசிபலன் தாள்களை எடுத்துவரச் சொன்னார். சார் வில்பட்டித் தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இவங்க சரியாப் போட்டிருக்காங்க. பதினோரு பேரு."

"ஒரு கவரு, ஒரு விடை."

"பதினோரு பேர் போட்டிருக்காங்களே அண்ணாச்சி" என்றேன்.

"ஏம்மா, கல்யாணத்துக்கு நூறு பேரு வந்தா அது நூறு கல்யாணமா? ஒருத்தன் போட்டிருப்பான். மத்தவன்லாம் எட்டிப் பாத்திருப்பான். தனித்தனியா பத்துப் பேரு கண்டுபிடிக்கறதை என் கண்ணால பாத்தா ஒத்துக்கறேன்."

கவரில் முகவரிக்குப் பதிலாக 'வில்பட்டி காலை முதல் மினி பஸ்' என்று இருந்தது. மறுநாள் வெள்ளனே அண்ணாச்சியும் நானும் காலியான பஸ்ஸில் வில்பட்டி போய், அதே பஸ்ஸில் திரும்புவது என்று முடிவானது. சார் புதிதாக ஒரு குறிப்பை எழுதி, மடித்து, ஒட்டி, நான் பார்க்காதபடி அண்ணாச்சியிடம் கொடுத்தார். "கண்டக்டர்ட்ட குடுங்க. யாரும் பாத்ததில்ல" என்றார். அவர் ஏன் வரவில்லை என்று கேட்டேன். "புதிர் வெளிய இருக்கும்மா" என்றார்.

வில்பட்டியில் ஏறியவர்கள் கொடைக்கானலுக்கு வேலைக்குப் போகிறவர்கள். லாட்ஜ் துப்புரவுக்கு, பள்ளிக்கூடச் சமையலுக்கு, கட்டட வேலைக்கு. கேரட் மூட்டை, பூண்டு மூட்டை எல்லாம் காலடியில். கண்டக்டர் பாண்டியிடம் அண்ணாச்சி விஷயத்தைச் சொன்னதும் அவர் பின்னால் திரும்பிக் கத்தினார்.

"ஏலே, பத்திரிகைக்காரக வந்திருக்காக! நம்மளுக்குப் பரீட்சை வைக்காகளாம்!"

"முன்னாடியே சொல்லியிருந்தா தலை சீவியிருப்பேன்ல" என்றது ஒரு குரல்.

கட்டம் வரைந்தவர் யார் என்று கேட்டேன். சகாயம் என்ற இளைஞர் கையைத் தூக்கினார். டைல்ஸ் ஒட்டுகிறவர்.

"அது ஒண்ணும் பெரிய சோலி இல்லக்கா. ஒடஞ்ச டைல்ஸ் வச்சு பாத்ரூமுக்குத் தரை போடறோம்ல, அதே மாதிரிதான். பெருசை முதல்ல வச்சிரணும். தலைகீழாப் பாத்தாலும் ஒரே மாதிரி இருக்கணும்னு வேற உங்களுக்கு ஒரு வழக்கம் இருக்குல்ல. பாதி வந்தா மீதி தானா வந்துரும்."

"கட்டம் தப்புன்னு எப்பத் தெரிஞ்சுது?"

"கடைசில எழுதும்போதுதான். நாங்க யாரு கட்டத்தைப் பாத்தோம்? பேப்பரே ஒண்ணுதானே."

அவர்கள் புதிரைக் கண்ணால் போடுவதில்லை, காதால் போடுகிறார்கள். பாண்டி டிக்கெட் கிழித்துக்கொண்டே ஒரு குறிப்பை உரக்க வாசிப்பார். விடை தெரிந்தவர் சொல்லக் கூடாது. டிக்கெட்டை உதட்டில் கவ்விக்கொள்ள வேண்டும். வாயில் டிக்கெட் இருந்தால் பேச முடியாதல்லவா? பின்சீட்டு வரை எல்லோருக்கும் நேரம் கொடுத்துவிட்டு, பாண்டி ஒரு திருப்பத்தில் விசில் அடிப்பார். அதன் பிறகுதான் விடை. இதைக் கேட்டதும் அண்ணாச்சிக்குச் சந்தோஷம். எட்டிப் பார்ப்பதற்கு இடமே இல்லை, உதடுகளை எண்ணினால் போதும். ஆனால் பாண்டி தலையைச் சொறிந்தார்.

"இன்னிக்கு நம்ம செட்டுல ஒம்போது பேருதான் அண்ணாச்சி. ஒருத்தருக்குக் காய்ச்சல். ஒருத்தரு பழனிக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டாரு."

"நான் பத்துன்னா பத்துதான்" என்றார் அண்ணாச்சி.

பாண்டி கவரைப் பிரித்தார். சாரின் குறிப்பை வாசித்தார்: "மலைப்பாதையில் வாகனம் நிலைகுலைந்தால்..."

நான் டிக்கெட்டை உதட்டில் வைத்துவிட்டேன். அவர் இன்னும் வாக்கியத்தை முடிக்கவில்லை.

"யக்கா, கேக்குறதுக்கு முன்னாடியேவா?" என்றார் சகாயம்.

பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. டிக்கெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். என்னைச் சேர்க்கக் கூடாது என்று எனக்கே தெரிந்தது.

பாண்டி மறுபடி முழுதாக வாசித்தார். "மலைப்பாதையில் வாகனம் நிலைகுலைந்தால் போய்ச் சேரும் இடம். நாலு எழுத்து."

"ஏய், வண்டியில வாசிக்கிற வாசகமாய்யா இது?" என்று ஓட்டுநர் முன்னாலிருந்து கத்தினார். "வெரசாப் போகணுமா வேண்டாமா?"

"பள்ளம்!" என்று அண்ணாச்சி கூவினார். "நாலு எழுத்துதான்! பள்ளம்!"

பூண்டு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த பாக்கியம் அக்கா அவரைப் பார்த்தார். "ஐயா, வாயால சொல்லக் கூடாதுன்னு இப்பத்தான சொன்னோம்? அதுவும் தப்பு. வாகனத்தைச் சும்மாவா போட்டிருக்காக? அதைப் புடிச்சு உலுக்குங்க. அப்பறம் நான் ஒண்ணும் சொல்லல."

சொல்லிவிட்டு டிக்கெட்டைக் கவ்விக்கொண்டார். அது ஒன்று. சகாயம் இரண்டு. அவர் பக்கத்தில் இருந்தவர் மூன்று. அண்ணாச்சி விரல் விட்டு எண்ணினார். ஒரு வளைவு தாண்டியதும் ஆறு. இன்னொரு வளைவில் எட்டு. கடைசிச் சீட்டில் கேரட் மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு கை டிக்கெட்டை உயர்த்திக் காட்டிவிட்டு வாய்க்குக் கொண்டுபோனது. ஒன்பது. ஓட்டுநர் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

"அவருக்கும் தெரிஞ்சிருச்சு. பத்து!" என்றார் பாண்டி.

"டிரைவருக்கு டிக்கெட் ஏது? ஹாரன்லாம் கணக்குல சேராது" என்றார் அண்ணாச்சி. "ஒம்போது. அவ்வளவுதான். ராசிபலன்..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே பஸ் ஒரு குறுகலான வளைவில் சாய்ந்தது. அண்ணாச்சி கம்பியைப் பிடித்தார். ஜன்னலுக்கு வெளியே ரோடு தெரியவில்லை, பனி மட்டும் தெரிந்தது. அவர் உதடுகள் அசைந்தன. "வாகனம்... வா... கனம்... வா... ன..." என்று முணுமுணுத்தார். பிறகு நிறுத்திவிட்டார். முகத்தில் ஏதோ ஓடியது. எட்டு வருடம் மூடிய அறைக்குள் என் முகத்தில் ஓடியது அதுவாகத்தான் இருந்திருக்கும். எனக்கு வெளியிலிருந்து அதைப் பார்க்க வாய்த்தது அன்றுதான்.

"சே!" என்றார்.

வாயைத் திறந்தார். பஸ் முழுவதும் ஒன்பது ஜோடிக் கண்கள் அவரைப் பார்த்தன. பின்வாசல் அருகே இன்னும் இரண்டு பேர் யோசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் செட்டில் இல்லை, சும்மா பயணிகள். அண்ணாச்சி சட்டைப் பையைத் தடவினார். டிக்கெட்டை எடுத்தார். அதை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். வைத்தால் பத்து. அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

உதட்டில் வைத்துக் கவ்விக்கொண்டார்.

ஊரிலேயே சத்தமாகப் பேசுகிற மனிதர் மூன்று வளைவுகள் வாயே திறக்காமல் வந்தார். விசில் அடித்ததும் எல்லோரையும் முந்திக்கொண்டு, "வானகம்!" என்று கத்தினார். டிக்கெட் பறந்து பூண்டு மூட்டையில் விழுந்தது. வாகனத்தின் நடு எழுத்துகள் நிலைகுலைந்து இடம் மாறினால் வானகம். போய்ச் சேரும் இடம் அதுதானே.

"எச்சி டிக்கெட்டை நீங்களே எடுத்துக்கங்க ஐயா. மூட்டை மார்க்கெட்டுக்குப் போவுது" என்றார் பாக்கியம் அக்கா.

பேருந்து நிலையத்தில் இறங்கி நடக்கும்போது அண்ணாச்சி, "ராசிபலனை எட்டாம் பக்கத்துல போடு" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "இந்த வாரம் நரகம்னு ஒண்ணு வந்துச்சே, அதுலயும் இதே வேலைதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

நான் மேஜைக்குப் போய் அடி டிராயரைத் திறந்தேன். வரைபடத்தில் அந்த வாரப் புள்ளியையும் வைத்தேன். அதற்குக் கீழே நான்கு வரி எழுதினேன். ஒன்று, சோதிப்பவருக்கு விடை தெரியாமலிருக்க வேண்டும். இரண்டு, எனக்குத் தெரிகிறது, சில சமயம் குறிப்பு முடியும் முன்பே. மூன்று, கட்டம் மாறியதை நான் பார்க்காமல் விட்டதற்குக் காரணமும் அதுவே. நான்கு, திங்கள்கிழமை தோறும் குறிப்புகளை வில்பட்டி முதல் மினி பஸ்ஸுக்கு அனுப்பினால், பதினொரு பேர் தனித்தனியாகச் சோதிப்பார்கள், கட்டம் தப்பென்றால் சகாயம் திருத்தியும் கொடுப்பார். ஆகவே எனக்கு ஓய்வு கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது நான் இரண்டு பள்ளிகளின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். புதிரைச் சனிக்கிழமைகளில் மற்றவர்களைப் போல டீக்கடையில் போடுகிறேன், பென்சிலால், கட்டத்தைப் பார்த்து. கேட்ட பெண்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒன்றுதான்: கட்டம் சிவக்கட்டும், அதற்கு முன் ஒருமுறை மினி பஸ்ஸில் வாசியுங்கள்.

அன்று அருளானந்தம் சார் என் தாளை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, வரைபடத்தையும் நான்கு வரிகளையும் இரண்டு முறை படித்தார். 'நல்லது' என்று சொல்வார் என்று நினைத்தேன். 'ம்' என்றாலும் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் குல்லாயைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எட்டு வருடமாக வாரா வாரம் கண் முன்னாலேயே நடந்தும் அவர் பார்க்காமல் விட்ட அந்தச் சரிவை, வரைபடத்தில் இன்னொரு முறை விரலால் தடவிப் பார்த்தார்.

"சே" என்றார்.